காலேஜ் ஃபுட்பால்: இத்தனை வருஷத்தில் உங்கள் மனசை விட்டுப் போகாத ஆட்டம் எது?

#1 ஆரஞ்சுக் கோபுரம்

இன்னும் சில நாளில் சீசன் ஆரம்பம். சனிக்கிழமைகளில் வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எதற்கும் என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. அதற்கு முன் பழைய ஆட்டங்களைக் கொஞ்சம் கிளறலாம் என்று இந்த இழை. இணையத்தில் கிடைக்கும் 'தலைசிறந்த 25' பட்டியல்கள் வேண்டாம். நீங்கள் எங்கே இருந்து பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள், ஏன் அது மட்டும் நிற்கிறது என்று எழுதுங்கள்.

நான் தொடங்குகிறேன். 2006 ஜனவரி 4, ரோஸ் பௌல், அந்த சீசனின் பட்டத்துக்கான ஆட்டம், டெக்சாஸ் 41, யு.எஸ்.சி. 38.

ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. குளிர்கால விடுமுறை. ஊருக்குப் போக டிக்கெட்டுக்குக் காசில்லாத நாலு பேர் ஒரு ஃபிளாட்டில் தங்கிவிட்டோம். எதிரணி சாதாரண அணி இல்லை. தொடர்ச்சியாக 34 ஆட்டம் ஜெயித்தவர்கள். மேட் லைனர்ட், ரெஜி புஷ் என்று வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய இரண்டு பேர் ஒரே அணியில். எங்களிடம் இருந்தது வின்ஸ் யங். அந்த வருஷ ஹைஸ்மன் ஓட்டில் புஷ்ஷுக்கு அடுத்து வந்தவர்.

ஏழு நிமிஷம்கூட மீதி இல்லாத நேரத்தில் 38-26 என்று பின்தங்கியிருந்தோம். யங் எதிரணியின் கோட்டைத் தாண்டி ஓடி ஒரு டச் டவுன் போட்டார். அடுத்து யு.எஸ்.சி.க்கு நாலாவது டவுன், இரண்டு யார்டு வேண்டும். எடுத்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். பந்தை லென்டேல் ஒயிட்டிடம் கொடுத்தார்கள், எங்கள் ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு பிளேக்கு ரெஜி புஷ் மைதானத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஏன் நின்றார் என்று இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் பேசுவார்கள்.

கடைசியில் எங்களுக்கும் நாலாவது டவுன். அஞ்சு யார்டு வேண்டும், கோட்டுக்கு எட்டு யார்டு. யங் எறிய இடம் தேடினார், கிடைக்கவில்லை. வலது ஓரமாக ஓடினார், ஒருத்தர் கைகூட மேலே படவில்லை. 19 நொடி மீதி. ஓடியதில் மட்டும் 200 யார்டு, எறிந்ததில் 267.

1970-க்குப் பிறகு டெக்சாஸுக்கு முதல் பட்டம். அன்று ராத்திரி பல்கலைக்கழகக் கோபுரம் முழுக்க ஆரஞ்சு விளக்கு, ஜன்னல்களில் பெரிதாக '1'. அங்கே நின்றுகொண்டு அம்மாவுக்கு போன் போட்டேன். அங்கே மார்கழிக் காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். 'ஜெயிச்சுட்டோம்மா' என்றேன். 'பரீட்சையா?' என்று கேட்டார்.

#2 மதுரைக்காரன்

மன்னிக்கணும். தலைப்பைப் பார்த்து கால்பந்து என்று உள்ளே வந்துவிட்டேன். படித்த பிறகுதான் முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது என்று புரிந்தது. இரண்டு கேள்வி. காலேஜ் பசங்க ஆடுவதைப் பார்க்க நிஜமாகவே லட்சம் பேர் வருகிறார்களா? இந்த 'நாலாவது டவுன்' என்பது என்ன?

#3 அட்லாண்டா பாபு

வாங்க தம்பி. கையில் பந்து இருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நாலு. முன்னேறவில்லை என்றால் பந்து எதிரணிக்கு. கபடி தெரியும் இல்லையா? பாடிப் போகிறவனைப் பிடித்து அமுக்கினால் அந்தப் பாட்டம் முடிந்தது. இங்கேயும் பந்து வைத்திருப்பவனை அமுக்கினால் அந்த டவுன் முடிந்தது. நாலாவது டவுனில் யோசிக்கிறவன் பந்தைத் தூரமாக உதைத்து எதிரியிடம் விட்டுவிடுவான், கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கம்பத்துக்கு நடுவே உதைத்து மூணு பாயிண்ட் எடுப்பான், அதுதான் ஃபீல்டு கோல். துணிந்தவன் ஓடுவான்.

லட்சம் பேர் விஷயம் உண்மைதான். மிச்சிகன் மைதானத்தின் கொள்ளளவு 107,601.

என்னுடைய பங்குக்கு: நான் ஜார்ஜியா டெக். நான் பார்க்காத ஆட்டத்தைத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அது நடந்தது 1916 அக்டோபர் 7. ஜார்ஜியா டெக் 222, கம்பர்லண்ட் 0. எழுத்துப் பிழை இல்லை, இருநூற்று இருபத்திரண்டு. கம்பர்லண்ட் அந்த வருஷம் அணியையே கலைத்துவிட்டது. ஆட வரவில்லை என்றால் 3,000 டாலர் அபராதம் என்று ஒப்பந்தம், அதனால் கையில் கிடைத்த மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்கு முன் பேஸ்பாலில் அவர்கள் எங்களை 22-0 என்று அடித்திருந்தார்கள், அந்தக் கோபம் எங்கள் கோச்சுக்கு. அவர் பெயர் ஜான் ஹைஸ்மன். மேலே சொன்ன விருது அவர் பெயரில்தான். பழி வாங்கினவர் பெயரில் விருது வைத்துக் கும்பிடுகிறோம், பாருங்கள்.

#4 ஆன் ஆர்பர் அண்ணாச்சி

ஜெயித்த கதையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்கு மனசில் நிற்பதெல்லாம் தோற்றவை.

2007 செப்டம்பர் 1. சீசனின் முதல் ஆட்டம். மிச்சிகன் நாட்டிலேயே 5-ஆவது இடத்தில். எதிரே அப்பலேச்சியன் ஸ்டேட், வட கரோலினா மலையில் பூன் என்கிற சின்ன ஊர். ஒரு படி கீழே உள்ள பிரிவு. அந்தப் பிரிவில் இரண்டு வருஷமாக அவர்கள்தான் சாம்பியன் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யவில்லை. இந்த மாதிரி ஆட்டத்துக்குக் காசு கொடுத்துக் கூப்பிடுவார்கள். வந்து அடி வாங்கிவிட்டுச் செக்கை வாங்கிக்கொண்டு போவார்கள். வழக்கம் அதுதான்.

டிவியில் பார்க்க முடியவில்லை. பிக் டென் நெட்வொர்க் தொடங்கி அது மூணாவது நாள், எங்கள் கேபிளில் வரவில்லை. ரேடியோவை வைத்துக்கொண்டு கராஜில் சாமான் அடுக்கினேன். பாதி ஆட்டத்தில் 28-17 என்றதும் நாம்தான் 28 என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் சாமான் அடுக்கவில்லை. மைக் ஹார்ட் 54 யார்டு ஓடி 32-31 என்று முந்தினோம். 26 நொடி இருக்கும்போது அவர்கள் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 34-32. சேட் ஹென்னி எறிந்ததை மேனிங்ஹம் பிடித்து 46 யார்டு. 37 யார்டு உதை, உள்ளே போனால் ஜெயம். கோரி லின்ச் என்பவர் பாய்ந்து தடுத்தார். ரேடியோவில் ஒரு நொடி சத்தமே இல்லை.

பூனில் ரசிகர்கள் தங்கள் மைதானத்துக் கம்பத்தைப் பிடுங்கி, தெருத் தெருவாகத் தூக்கிப் போய் சான்ஸலர் வீட்டுப் புல்தரையில் போட்டார்களாம். ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் கீழ்ப்பிரிவு அணிக்கும் ஓட்டுப் போடலாம் என்று விதியையே மாற்றினார்கள். எங்களால் விளைந்த சமூக நீதி.

பதினெட்டு வருஷம் தாண்டியாச்சு. 2024 ஜனவரியில் வாஷிங்டனை 34-13 என்று அடித்துப் பட்டம் வாங்கினோம். அந்த ஆட்டத்தில் யார் எப்போது டச் டவுன் போட்டார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். 2007 ஆட்டத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

#5 ஆரஞ்சுக் கோபுரம்

அண்ணாச்சி, தோற்ற ஆட்டம் நினைவில் நிற்கும், சரி. ஆனால் நான் கேட்டது பிடித்த ஆட்டம். பல் வலியும்தான் நினைவில் நிற்கிறது.

#6 ஆன் ஆர்பர் அண்ணாச்சி

தம்பி, வலித்த பல்லைத்தானே நாக்கு தேடிக்கொண்டே இருக்கிறது?

2015-ஐயும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 17, மிச்சிகன் ஸ்டேட்டோடு. 23-21 என்று முன்னால் இருக்கிறோம், பத்து நொடி, நாலாவது டவுன். பந்தை உதைத்துவிட்டால் போதும், வீட்டுக்குப் போகலாம். உதைப்பவர் கையில் பந்து நிற்கவில்லை, தடுமாறினார். ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் அதை எடுத்து 38 யார்டு ஓடி, நேரம் முடியும்போது கோட்டைத் தாண்டினார். 27-23. ஓடி முடித்த பையனுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, ஜெயித்த அணியின் நாயகன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த முறை மைதானத்தில் இருந்தேன். லட்சத்துக்கு மேல் ஜனம், எல்லோரும் தலையில் கை. நம் ஊரில் மழை வந்து அறுவடை நனைந்தால் நிற்பார்களே, அப்படி.

#7 ராக்கெட்நகர் ராணி

ஹன்ட்ஸ்வில்லிலிருந்து எழுதுகிறேன். அலபாமாவுக்குக் குடி வந்தால் வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்துக்கு முன்னால் கேட்கும் கேள்வி, 'எந்தக் கட்சி?' அலபாமாவா, ஆபர்னா? ரெண்டும் இல்லை என்றால் இரக்கத்தோடு பார்ப்பார்கள். என் கணவர் அலபாமாவில் படித்தவர். பக்கத்து வீட்டுக்காரர் ஆபர்ன். நான் வெகு நாள் நடுநிலை.

2013 நவம்பர் 30, தேங்க்ஸ்கிவிங் சனிக்கிழமை, இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில். அலபாமா நம்பர் 1. ஆபர்ன் முந்தின வருஷம் பன்னிரண்டில் மூணே ஆட்டம் ஜெயித்து, அலபாமாவிடம் 49-0 என்று வாங்கிய அணி. இப்போது 28-28. கடிகாரம் பூஜ்யம் ஆகிவிட்டது. ஓவர்டைம் என்று நினைத்தோம். அலபாமா கோச் நிக் சேபன், ஆள் வெளியே போனபோது ஒரு நொடி மீதி இருந்தது என்று வாதாடினார். நடுவர்கள் வீடியோ பார்த்து அந்த ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 57 யார்டு ஃபீல்டு கோல் முயற்சி.

என் கணவர், 'இவ்வளவு தூரம் உதைக்க முடியாது, ஓவர்டைம்தான், அதற்குள் பிரியாணியைச் சூடு பண்ணிவிடுகிறேன்' என்று எழுந்து போனார்.

பந்து கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கியது. அங்கே கிறிஸ் டேவிஸ் என்ற ஆபர்ன் ஆட்டக்காரர் நின்று பிடித்து, இடது ஓரமாக ஓட ஆரம்பித்தார். ஓடினார், ஓடினார், 109 யார்டு. 34-28. பக்கத்து வீட்டுக்காரர் தரையில் முழங்கால் போட்டு அழுதார். கணவர் கரண்டியோடு வந்து 'என்னாச்சு?' என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ரீப்ளே போட்டபோது அவர் முதலில் பார்த்தது தன் கட்சி தோற்றதைத்தான்.

இப்போதும் ஒவ்வொரு வருஷமும் அந்தச் சனிக்கிழமை, பக்கத்து வீட்டிலிருந்து மெசேஜ் வரும்: 'சாப்பாடு சூடு பண்ணியாச்சா?' நான் அன்றிலிருந்து ரகசியமாக ஆபர்ன். கணவர் இந்தத் தளத்துக்கு வருவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

#8 ஆரஞ்சுக் கோபுரம்

அக்கா, கதை அருமை. ஆனால் ஆட்டமாகப் பார்த்தால் அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லையா? வின்ஸ் யங் ஒரு ராத்திரி முழுக்க உழைத்து ஜெயித்தார். இது ஒரே ஒரு ஓட்டம்.

#9 அட்லாண்டா பாபு

அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஃபீல்டு கோல் உதைக்கும்போது உள்ளே நிற்பது யார்? உதைப்பவனைக் காக்கிற முன்னூறு பவுண்டு மலைகள். அவர்கள் தள்ளத்தான் லாயக்கு, துரத்த இல்லை. உதை குறைந்து விழுந்தால் பின்னால் ஒரு வேகமான ஆள் நிற்கட்டும் என்று ஆபர்ன் கோச் யோசித்து டேவிஸை நிறுத்தினார். அவர் பிடித்துத் திரும்பியபோது பாதி வேலை முடிந்துவிட்டது. ஒரு நொடியைக் கேட்டு வாங்கியவர் சேபன். கேட்காமல் இருந்திருந்தால் ஓவர்டைம். ஆசை யாரை விட்டது?

சின்னத் திருத்தம்: ஓடியது 109 யார்டு என்றாலும் பதிவேட்டில் 100 தான். மைதானம் கோட்டிலிருந்து கோட்டுக்கு 100 யார்டு, அதற்கு மேல் கணக்கில் ஏறாது.

அப்புறம் ஆபர்னில் ஜெயித்தால் டூமர்ஸ் கார்னர் மரங்கள் மேல் கழிப்பறைக் காகிதச் சுருளை வீசுவார்கள், ஊரே பனி பெய்தது மாதிரி வெள்ளையாகிவிடும். 2010-இல் ஆபர்ன் 24-0 பின்னாலிருந்து வந்து 28-27 என்று ஜெயித்த பிறகு, ஒரு அலபாமா ரசிகர் அந்த ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தார். ரேடியோ நிகழ்ச்சிக்கு அவரே போன் பண்ணிச் சொன்னார். 2013 ஏப்ரலில் மரங்களை வெட்டினார்கள். அதனால் அக்கா சொன்ன அந்த ராத்திரி வீச மரம் இல்லை, கம்பி கட்டி அதன் மேல் வீசினார்கள்.

#10 மதுரைக்காரன்

மரத்துக்கு விஷமா! நம் ஊரில் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதைக் கிண்டல் செய்கிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

#11 காலேஜ் ஸ்டேஷன் கதிர்

எனக்கு 2018 நவம்பர் 24. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 74, எல்.எஸ்.யு. 72. ஏழு ஓவர்டைம்.

எங்கள் மைதானத்தில் மாணவர்கள் உட்காரக் கூடாது. 1922 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் அடிபட்டு ஆள் குறைந்துகொண்டே போனதாம். கிங் கில் என்ற மாணவர் பார்வையாளர் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, உடுப்பு மாட்டிக்கொண்டு, தேவைப்பட்டால் ஆடத் தயார் என்று கடைசி வரை நின்றார். அவரைக் கூப்பிடத் தேவை வரவில்லை. ஆனாலும் அவர் நின்றதால் நாங்கள் இன்றைக்கும் நிற்கிறோம், பன்னிரண்டாவது ஆள் என்ற பெயரில்.

அன்று திருநெல்வேலியிலிருந்து அப்பா வந்திருந்தார். விருந்தினர் டிக்கெட் வாங்கி என் பக்கத்திலேயே நிறுத்திவிட்டேன். நாலு மணி நேரத்தில் முடியும் என்று சொல்லியிருந்தேன். கடைசி நிமிஷத்தில் எங்கள் பையன் எறிந்ததை எல்.எஸ்.யு. பிடித்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று அவர்கள் கோச் தலையில் கேட்டரேட் பானத்தைக் குளிரக் குளிரக் கொட்டினார்கள். வீடியோவில் பார்த்தால் எறிவதற்கு முன்பே எங்கள் கெல்லன் மோண்டின் முழங்கால் தரையில் பட்டிருக்கிறது. பிடித்தது செல்லாது. நனைந்த சட்டையோடு அந்தக் கோச் மறுபடி ஆட வேண்டியதாயிற்று. ஒரு நொடி இருக்கும்போது டச் டவுன் போட்டு 31-31 ஆக்கினோம்.

ஓவர்டைம் ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது. நாலாவதில் அப்பா 'கல்யாண வீட்டில்கூடப் பந்தி நடுவில் உட்கார வைப்பார்களே' என்றார். ஆறாவதில் அவரும் சேர்ந்து கத்தினார், யாருக்காகக் கத்துகிறோம் என்று தெரியுமா என்பது சந்தேகம். ஏழாவதில் மோண்ட் எறிந்ததைக் கென்ட்ரிக் ராஜர்ஸ் பிடித்தபோது அப்பா முன்பின் தெரியாத ஒரு பையனைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆட்டத்துக்குப் பிறகு விதியை மாற்றினார்கள். இப்போது மூணாவது ஓவர்டைமிலிருந்து ரெண்டு பாயிண்ட் முயற்சி மட்டும், மாற்றி மாற்றி; கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரே பிளேயில் உள்ளே போக வேண்டும். ஆட்டக்காரர்கள் உடம்புக்கு நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2021-இல் அந்தப் புது விதியில் இல்லினாயும் பென் ஸ்டேட்டும் ஒன்பது ஓவர்டைம் ஆடி 20-18 என்று முடித்தார்கள். ரெண்டு பேருமே கோட்டைத் தாண்ட முடியாமல் முட்டி முட்டித் திரும்பினார்கள். அதைப் பார்த்தவர்கள் பாவம்.

#12 ராக்கெட்நகர் ராணி

கதிர், அப்பா இப்போது பார்க்கிறாரா?

#13 காலேஜ் ஸ்டேஷன் கதிர்

பார்ப்பதில்லை அக்கா. ஆனால் திங்கட்கிழமை போன் பண்ணினால் முதல் கேள்வி, 'இந்த வாரம் எத்தனை மணி நேரம் நின்றாய்?'

#14 அட்லாண்டா பாபு

யாரும் இன்னும் பாய்ஸி ஸ்டேட்டைச் சொல்லவில்லையே. 2007 ஜனவரி 1, ஃபியஸ்டா பௌல், ஓக்லஹோமாவை 43-42. கடைசி நிமிஷத்தில் 7 பாயிண்ட் பின்னால், நாலாவது டவுன், 18 யார்டு வேண்டும். பிடித்தவன் ஓடிக்கொண்டே குறுக்கே வந்தவனிடம் பந்தைக் கொடுத்தான், டச் டவுன். ஓவர்டைமில் சமன் செய்யாமல் ரெண்டு பாயிண்ட்டுக்குப் போனார்கள். குவார்ட்டர்பேக், அதாவது அணிக்காகப் பந்தை எறிபவர், வலது கையால் எறிவது போல் பாவனை காட்டி, பந்தை முதுகுக்குப் பின்னால் இடது கையால் இயன் ஜான்சனுக்குக் கொடுத்தார். ஜான்சன் உள்ளே போய் ஜெயித்துவிட்டு, அங்கேயே கேமரா முன்னால் தன் காதலியிடம் கல்யாணத்துக்குக் கேட்டார். பதிமூணு ஆட்டமும் ஜெயித்த அந்த அணிக்குப் பட்டத்துக்கு ஆட வாய்ப்பே தரவில்லை. சின்ன ஊர்க்காரன் எவ்வளவு ஜெயித்தாலும் வாசலோடு சரி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

#15 பெர்க்லி தாத்தா

எல்லாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கிறீர்கள். நான் 1982 நவம்பர் 20-இல் பெர்க்லியில் இருந்தேன். ஆனால் பார்க்கவில்லை.

மைதானத்துக்கு மேலே ஒரு குன்று. காசில்லாதவர்கள் அங்கே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். அதன் பெயரே கஞ்சர் குன்று என்கிற அர்த்தத்தில்தான் வரும். ஆராய்ச்சி மாணவனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மேலே ஒரு பீரங்கியும் உண்டு. எங்கள் அணி பாயிண்ட் எடுத்தால் வெடிப்பார்கள்.

எதிரணி ஸ்டான்ஃபோர்டு. அவர்கள் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே. நாலாவது டவுனில் 17 யார்டு தேவைப்பட்டபோது 29 யார்டு எறிந்தார். பிறகு ஃபீல்டு கோல், 20-19. நாலு நொடி மீதி. கூட இருந்த நண்பன் 'போகலாம், நெரிசலுக்கு முன்னால் பஸ் பிடிக்கலாம்' என்றான். இறங்க ஆரம்பித்தோம். பின்னால் சத்தம் ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது. அப்புறம் ஒரு மாதிரி குழப்பம். கொஞ்ச நேரம் கழித்து பீரங்கி வெடித்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பீரங்கி பொய் சொல்லாது.

நடந்தது என்னவென்றால், உதைத்து வந்த பந்தைக் கெவின் மோயன் எடுத்தார். பிடிபடப்போகும்போதெல்லாம் அடுத்தவனுக்குத் தள்ளி, அஞ்சு கை மாறி, பந்து மறுபடி மோயனிடமே வந்தது. அதற்குள் ஆட்டம் முடிந்தது என்று ஸ்டான்ஃபோர்டின் பேண்டு வாத்தியக் கோஷ்டி மைதானத்துக்குள் வந்துவிட்டது. மோயன் வாத்தியக்காரர்கள் நடுவே புகுந்து ஓடி, கோட்டைத் தாண்டி, டிராம்போன் வாசித்தவர் மேல் மோதினார். நடுவர்கள் கூடிப் பேசி செல்லும் என்றார்கள். கலிஃபோர்னியா 25, ஸ்டான்ஃபோர்டு 20.

நாலு நொடிக்காக அவசரப்பட்டவன் நான். பஸ்ஸும் அன்றைக்கு லேட்.

#16 ஆரஞ்சுக் கோபுரம்

தாத்தா, பார்க்காத ஆட்டமா உங்களுக்குப் பிடித்த ஆட்டம்?

#17 பெர்க்லி தாத்தா

பார்த்தவர்கள் ஒரு தடவை பார்த்தார்கள். நான் நாற்பது வருஷமாக அந்தக் குன்றிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பீரங்கி வெடிக்கிறது.

#18 ஆன் ஆர்பர் அண்ணாச்சி

தாத்தா நம்ம ஆள்.

#19 மதுரைக்காரன்

வீடியோ பார்த்துவிட்டேன், ஆறு தடவை. மூணாவது ஆள் விழும்போது முழங்கால் தரையில் பட்ட மாதிரி இருக்கிறதே? மோண்டுக்குச் செல்லாது என்றால் இதுவும் செல்லாதுதானே?

#20 பெர்க்லி தாத்தா

ஒரே வாரத்தில் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் இன்றுவரை அதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஆட்டத்துக்குப் பரிசு ஒரு பழைய கோடாலி. ஜெயித்த அணி அதை வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு வருஷத்துக் கணக்கும் கீழே பலகையில் பொறித்திருக்கும். கோடாலி ஸ்டான்ஃபோர்டு கைக்குப் போகும்போதெல்லாம் 1982-ஐ 20-19 என்று மாற்றிவிடுவார்கள், தாங்கள் ஜெயித்ததாக. எங்களிடம் திரும்பி வந்ததும் 25-20 ஆக்கிவிடுவோம்.

#21 மதுரைக்காரன்

இப்போது யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறேன்.